வன்னி வீடுகளில் அமெரிக்கச் சிறுகதை: தெரிவும் சொல்முறையும்

செவ்வியல் அமெரிக்கச் சிறுகதை என்னும் தொடர் இங்கே, 1819இல் வாஷிங்டன் இர்விங் வெளியிட்ட 'ரிப் வான் விங்கிள்' தொடக்கம் 1950களில் ரே பிராட்பரி, லாங்ஸ்டன் ஹியூஸ் ஆகியோர் எழுதியவை வரையான, பல தலைமுறை வாசகர்களிடையே நிலைபெற்றுவிட்ட குறுகிய புனைகதைகளைக் குறிக்கிறது. இவற்றை வீட்டில் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்வது பற்றி எழுதப்படும் வழிகாட்டிகள் பெரும்பாலும் வயதை அளவுகோலாகக் கொண்டு, ஏழு வயதுக்கு இது, பத்து வயதுக்கு அது, பதினான்கு வயதுக்கு மேல் இன்னொன்று என்று கதைகளைப் படிவரிசையில் அடுக்கித் தருகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் வீடுகளை முன்னிறுத்தி இந்தக் கேள்வியை ஆராயும்போது அந்த அளவுகோல் போதாமல் போகிறது. இங்கே கதை கேட்கும் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர்கள். கதை சொல்லக்கூடிய தாய், தந்தை, அம்மம்மா, அப்பப்பா ஆகியோரோ போரையும் இடப்பெயர்வையும் உடலால் கடந்தவர்கள். ஆகவே ஒரு கதையைப் பிள்ளை தாங்குமா என்பதற்கு முன்னதாக, அந்தக் கதையைச் சொல்பவரால் இடையில் குரல் தடைப்படாமல் சொல்லி முடிக்க முடியுமா என்ற கேள்வி எழுகிறது. தெரிவைப் பற்றிய மற்றெல்லா விவாதங்களும் இதற்குப் பின்னரே வரத்தக்கவை.

அமெரிக்கருக்கும் ஈழத் தமிழருக்கும் இடையிலான கல்வித் தொடர்பு இரண்டு நூற்றாண்டுகள் பழமையானது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், அதற்கடுத்த ஆண்டில் உடுவில் பெண்கள் பாடசாலையையும் நிறுவினர்; 1841இல் 'உதயதாரகை' என்ற இருமொழி இதழைத் தொடங்கினர்; மிரன் வின்சுலோவின் பேரகராதி 1862இல் வெளிவந்தது; மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். இர்விங்கும் ஹோதோர்னும் போவும் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர்களின் நாட்டவர் யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடம் வைத்திருந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆனால் அந்த அச்சுக்கூடத்தின் அக்கறை வேதத்திலும் பாடநூலிலும் அறிவியலிலும் இருந்ததேயன்றிக் கதையில் இருக்கவில்லை. அவர்களின் பணிக்களமும் குடாநாடாகவே இருந்தது. ஆனையிறவுக்குத் தெற்கே இருந்த வன்னி, ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய மாவட்டக் கையேட்டில் காணப்படுவதுபோல, காடும் கைவிடப்பட்ட குளங்களும் சிதறிய சிற்றூர்களுமாகக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களின் கீழ் குடியேற்றங்கள் உருவான பிறகே பெருந்தொகையான பாடசாலைகள் இங்கே தோன்றின.

அந்தப் பாடசாலைகளின் முதல் தலைமுறை வாசகருக்கு வெளியுலகக் கதை வந்த வழிகள் வேறு. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' வேதாளக் கதைகளைக் கொண்டுவந்தது. மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் அனுப்பிய வழுவழுப்பான தாளிலான நூல்கள் ருஷ்யக் கதைகளைக் கொண்டுவந்தன. அமெரிக்க இலக்கியம் தமிழாகாமல் இல்லை. போர்ட் நிறுவனத்தின் உதவியோடு 1955இல் சென்னையில் அமைந்த தென்மொழிகள் புத்தக அறக்கட்டளை போன்ற முயற்சிகள் பனிப்போர்க் காலத்தில் மொழிபெயர்ப்பை ஊக்குவித்தன. எனினும் அவற்றின் இலக்கு வயதுவந்த வாசகர். சிறுவருக்கான கதை நூல்களில் சோவியத் தரப்பே தெளிவாக முந்தியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் தமிழக இதழ்களின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியபோது உள்ளூர்ப் பதிப்பு வளர்ந்தது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்ததும் அந்தச் சூழலில்தான். வன்னி தன்னைப் பற்றிய கதையைப் பெற்றுக்கொண்ட அந்த ஆண்டுகளில் பிறநாட்டுச் சிறுகதையின் வரத்து குறைந்தது என்றே சொல்ல வேண்டும். பின்னர் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் தாளும் அரும்பொருளாகி, ஜாம்போத்தல் விளக்கின் கீழ்ப் பிள்ளைகள் படித்தனர். 1996இலும் 2008, 2009இலும் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தபோது வீட்டு நூல்கள் எஞ்சவில்லை. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து மீள்குடியேறிய குடும்பங்கள் தறப்பாள் கூடாரத்திலிருந்து வாழ்வைத் தொடங்கின. இவ்வாறாக, அமெரிக்கச் சிறுகதை இன்றைய வன்னிப் பிள்ளையை வந்தடையும் முதன்மையான வழி ஆங்கிலப் பாடமாகவும் பரீட்சையாகவும் அமைந்துவிட்டது. வீடு அந்த வழியில் இல்லை.

நூலில்லாத வீட்டில் கதையைப் பகிர்வது எவ்வாறு என்ற வினாவுக்கு விடை, அமெரிக்கச் சிறுகதையின் பிறப்பிலேயே இருக்கிறது. சிறுகதைக்கு முதன்முதலில் இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவரான எட்கர் அலன் போ, ஹோதோர்னின் கதைகளைப் பற்றி 1842இல் எழுதிய மதிப்புரையில், அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாகவும், ஒரே உணர்வு விளைவை நோக்கி ஒவ்வொரு சொல்லும் நகர்வதாகவும் கதை இருக்க வேண்டும் என்றார். இது வாசிப்பவரை மனத்திற்கொண்ட இலக்கணம். ஆயினும் அமெரிக்கச் சிறுகதையின் மற்றொரு கிளை வாய்மொழியிலிருந்து கிளைத்தது. இர்விங் ஜெர்மானிய நாட்டார் கதையொன்றை எடுத்து ஹட்சன் ஆற்றங்கரையில் நட்டார். மார்க் ட்வைன் 1865இல் புகழ்பெற்ற தவளைக் கதையைக் கலிபோர்னியச் சுரங்க முகாமொன்றின் மதுச்சாலையில் கேட்டு எழுதினார். ஜோயல் சாண்ட்லர் ஹரிஸ் 1880இல் நூலாக்கிய 'ரீமஸ் மாமா' கதைகள் ஜோர்ஜியாவின் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் வாய்மொழிச் செல்வம். நகைச்சுவைக் கதையின் பயன் சொல்லப்படும் பொருளிலன்றிச் சொல்லும் முறையில் தங்கியிருக்கிறது என்று 1895இல் ட்வைன் ஒரு கட்டுரையில் வாதிட்டார். இந்தக் கிளையைச் சேர்ந்த கதைகள் நூலிலிருந்து மீண்டும் வாய்க்குத் திரும்பும்போது எதையும் இழப்பதில்லை. கதாசிரியரின் வாக்கியத்தில் மட்டும் உயிர்வாழும் கதைகளைச் சொல்ல முயல்வது வீண். அவை பிள்ளை தானே வாசிக்கும் வயதுக்குக் காத்திருக்கலாம்.

சொல்லத்தக்கவற்றுள் வன்னிக்கு மிக நெருக்கமானது 'ரிப் வான் விங்கிள்' என்பதில் ஐயமில்லை. மனைவியின் ஏச்சுக்கு அஞ்சித் துவக்கோடும் நாயோடும் மலைக்குப் போகும் சோம்பேறியான ரிப், அங்கே விசித்திர மனிதரின் மதுவைக் குடித்துவிட்டு இருபது ஆண்டுகள் உறங்கி, தாடி வளர்ந்த கிழவனாக ஊருக்குத் திரும்புகிறான். துவக்குத் துருப்பிடித்திருக்கிறது, வீட்டின் கூரை விழுந்திருக்கிறது, விடுதிப் பலகையில் இருந்த மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் படம் அங்கி நிறம் மாறி ஜெனரல் வாஷிங்டனாகி நிற்கிறது, தேர்தல் நாளொன்றில் வந்து சேர்ந்த அவனை, எந்தக் கட்சிக்காரன் என்று ஊரார் மறித்துக் கேட்கின்றனர். தான் மன்னரின் விசுவாசமுள்ள குடிமகன் என்று அவன் வெள்ளந்தியாகச் சொல்ல, உளவாளி என்ற கூச்சல் எழுகிறது. அமெரிக்க விடுதலைப் போர் முழுவதையும் உறங்கிக் கழித்தவனின் இந்த நகைச்சுவை, தமிழகத்தின் மண்டபம் முகாமிலும் ஏனைய முகாம்களிலும் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு வன்னிக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, ஏறத்தாழ அதே இருபது ஆண்டுகளின் பின் நீராவிப்பிட்டி போன்ற ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கிய முல்லைத்தீவு முஸ்லிம்களுக்கு இது இன்னும் நெருக்கமானது. குர்ஆனின் குகைவாசிகள் வரலாறும் நெடுந்துயிலின் கதையே என்பதால் அவர்களின் பிள்ளைகள் முன்பே பழகிய கதையுருவத்தில் இதைப் பெறுவர். முசுகுந்தனின் நெடுந்துயிலைப் பாகவதக் கதையாகக் கேட்ட சைவ வீட்டுப் பிள்ளைக்கும் இது புதிதன்று. கதையில் இடறும் இடம் ஒன்றே: ரிப்பின் மனைவியை இர்விங் வெறும் வாயாடியாகத் தீட்டி, அவள் இறந்த செய்தியைக் கணவனின் விடுதலையாக்குகிறார். கணவனில்லாமல் பிள்ளைகளை வளர்த்த தாய்மார் மிகுந்த ஒரு நிலத்தில், இருபது ஆண்டுகள் தனியே வீட்டைத் தாங்கிய அந்தப் பெண்ணின் பக்கத்தைச் சொல்பவர் இரண்டு வாக்கியத்திலேனும் சேர்ப்பதே முறை. இர்விங் அதற்காக எழுந்து வந்து வழக்காடப் போவதில்லை.

ரீமஸ் மாமா கதைகளுள் மிகப் பெயர்பெற்ற தார்ப்பொம்மைக் கதை, முயலைப் பிடிக்க நரி தாரினால் ஒரு பொம்மை செய்து வழியில் வைப்பதையும், பேசாத பொம்மையோடு கோபித்து அடித்த முயல் கையும் காலும் தலையும் ஒட்டிக்கொண்டு அகப்படுவதையும், பின்பு முட்பற்றைக்குள் மட்டும் எறிந்துவிடாதே என்று கெஞ்சி ஏமாற்றித் தப்புவதையும் சொல்கிறது. ஒட்டிக்கொள்ளும் எதிரி என்ற இதே கருவைப் பௌத்தரின் ஜாதகக் கதைகளில் ஐம்பத்தைந்தாவது கதை கையாள்கிறது. அங்கே பஞ்சாயுத இளவரசன் பசைமயிர் கொண்ட யக்கனிடம் ஐந்து உறுப்பும் ஒட்டிச் சிக்குகிறான். வவுனியா தெற்கின் சிங்கள வீடுகளில் அந்த ஜாதகமும் அயலிலுள்ள தமிழ் வீடுகளில் தார்ப்பொம்மையும் சொல்லப்படுமாயின் இரு வீட்டுப் பிள்ளைகளும் பேசிக்கொள்ள ஒரு விடயம் கிடைக்கும். எனினும் இந்தக் கதைகளின் பின்னுள்ள வரலாற்றை மறைப்பது நேர்மையாகாது. அவற்றைத் தொகுத்தவர் வெள்ளையர். சொன்னவர்கள் உடைமைகளாகக் கணிக்கப்பட்ட மனிதர். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கிழவர் தன் பழைய எசமானின் வீட்டுச் சிறுவனுக்கு மனமகிழ்ந்து கதை சொல்வதாக ஹரிஸ் அமைத்த சட்டகம், அந்த வாழ்வின் கொடுமையை இனிமையாக்கியது என்று பின்வந்த கறுப்பின எழுத்தாளர்கள் குற்றஞ்சாட்டினர். 1958, 1977 ஆண்டுகளின் வன்முறைகளுக்கு அஞ்சி மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்குவது கடினமன்று. லயன் அறைகளில் வாழ்ந்த தங்கள் பாட்டன்மாரிடமும் துரையை ஏமாற்றும் கதைகள் ஏன் இருந்தன என்பதை அவர்களின் வீட்டுப் பெரியோரே சொல்ல வல்லவர்கள். ஆகையால் சட்டகத்தை விட்டு, முயலை மட்டும் எடுத்துக்கொள்வதே தக்க வழி.

ட்வைனின் தவளைக் கதை இவ்வளவு சிந்தனையைக் கோருவதில்லை. பாயப் பழக்கிய தவளையை வைத்துப் பந்தயம் பிடிக்கும் ஒருவனை, அந்நியன் ஒருவன் தவளையின் வயிற்றில் ஈயக் குண்டுகளை நிரப்பி ஏமாற்றுவது பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும். மாரியில் குளக்கட்டெங்கும் தவளை கத்தும் ஊர்களில் கதையின் கதாநாயகனை அறிமுகப்படுத்தவும் வேண்டியதில்லை. குண்டு என்ற பொருள் வீட்டில் வேறு நினைவை எழுப்புமாயின் கூழாங்கல் போதும். இதனோடு சேர்த்துச் சொல்லத்தக்கது ஃபிராங்க் ஸ்டொக்டன் 1882இல் எழுதிய 'பெண்ணா, புலியா' என்ற கதை: இளவரசியைக் காதலித்த இளைஞன் இரண்டு கதவுகளில் ஒன்றைத் திறக்க வேண்டும், ஒன்றின் பின்னால் அவனை மணக்கவுள்ள வேறொரு பெண், மற்றதன் பின்னால் புலி, இரகசியம் அறிந்த இளவரசி வலப்பக்கக் கதவைக் காட்டுகிறாள், அவன் திறக்கிறான், கதை அத்தோடு நிற்கிறது. கேள்வியோடு கதை முடிவது விக்கிரமாதித்தனின் தோளிலிருந்து வேதாளம் கேட்கும் முறையை ஒத்தது. ஒரு வேறுபாடு உண்டு. விக்கிரமாதித்தன் இறுதிக் கதையைத் தவிர ஒவ்வொரு முறையும் சரியான விடையைச் சொல்லிவிடுகிறான். ஸ்டொக்டனின் கேள்விக்குச் சரியான விடை இல்லை. பரீட்சைத் தாளில் சரியான விடைக்குக் கீழே கோடிடப் பழகிய பிள்ளைக்கு இந்த அனுபவம் அரியது.

தமிழில் மிகப் பரவலாக அறியப்பட்ட அமெரிக்கச் சிறுகதையாளர் ஓ. ஹென்றி என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் சிட்னி போர்ட்டர். வங்கிப் பணம் கையாடியதாகத் தண்டிக்கப்பட்டு 1898 முதல் 1901 வரை ஒஹாயோச் சிறையில் இருந்தபோதே கதையுலகில் ஊன்றிய இவருடைய உத்தி, இறுதி வரிகளில் கதையைத் திடீரெனப் புரட்டிவிடுவது. 1905இல் வெளிவந்த 'ஞானியரின் பரிசு' கதையில், ஒரு டொலர் எண்பத்தேழு சதம் மட்டும் கையிலுள்ள டெல்லா தன் நீண்ட கூந்தலை இருபது டொலருக்கு விற்றுக் கணவனின் மணிக்கூட்டுக்குச் சங்கிலி வாங்க, கணவனோ அந்த மணிக்கூட்டை விற்று அவளது கூந்தலுக்குச் சீப்பு வாங்கி வருகிறான். காப்பும் சங்கிலியும் அடகுக்கடைக்கும் வங்கிக்கும் போய்வருவதையும், நுண்நிதிக் கடனின் கிழமைத் தவணை கேட்டு ஆட்கள் வாசலில் நிற்பதையும் கண்டு வளரும் பிள்ளைக்கு இந்தக் கதையின் பொருளாதாரம் உடனே விளங்கும். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்க வீடுகளில் பாலன் பிறப்பும் மூவிராசாக்களும் கதைக்குள் நுழையக் கதவு திறந்து தருவர். தொல்லை தருவது 'கடைசி இலை'. நியூயோர்க்கில் நிமோனியாவால் படுத்திருக்கும் இளம் ஓவியை, யன்னலுக்கு வெளியே தெரியும் கொடியின் கடைசி இலை விழும்போது தானும் இறப்பதாக நம்புகிறாள். முதிய ஓவியர் ஒருவர் மழையிரவில் சுவரில் ஓர் இலையை வரைந்து அவளைக் காப்பாற்றித் தாம் நோயுற்று இறக்கிறார். கதை நடப்பது கார்த்திகையில். வன்னியிலோ கார்த்திகை பருவமழை கொட்டிக் காடு தளிர்க்கும் மாதம், இலை உதிர்வது ஆடி, ஆவணி வறட்சியில். பருவத்தை மாற்றிச் சொல்வது எளிது. ஒருவருக்காக இன்னொருவர் உயிர் கொடுப்பதை அழகாக்கும் கதையை அத்தகைய இழப்பு உண்மையில் நிகழ்ந்த வீட்டில் யார் வாயால் சொல்வது என்பதுதான் எளிதில் தீராதது.

இந்தச் சிக்கல் முழு உருவம் கொள்வது 1907இல் வெளிவந்த 'செந்தலைவனின் மீட்புப்பணம்' கதையில். உலகெங்கும் பிள்ளைகளுக்கு ஓ. ஹென்றியை அறிமுகப்படுத்தப் பலர் எடுப்பது இதைத்தான். இரு திருடர்கள் செல்வந்தர் ஒருவரின் பத்து வயது மகனைக் கடத்துகிறார்கள்; அவனோ தன்னைச் செவ்விந்தியத் தலைவனாகக் கற்பனை செய்து அவர்களை உதைத்தும் கல்லெறிந்தும் சவாரி செய்தும் வாட்டுகிறான்; ஆயிரத்தைந்நூறு டொலர் கேட்ட திருடர்கள் இறுதியில் தகப்பனுக்கு இருநூற்றைம்பது டொலர் கொடுத்து அவனைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு ஓடுகிறார்கள். பிள்ளையின் பார்வையில் இதைவிட முஸ்பாத்தியான கதை வேறில்லை. ஆனால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியிலும், சில நாட்களில் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டம் பல ஆண்டுகள் நீடித்தது; அங்கே படத்தை மடியில் வைத்திருந்த தாய்மாரும் பேர்த்திமாருக்குக் கதை சொல்லும் அம்மம்மாக்கள்தான். வெள்ளை வானில் ஏற்றப்பட்டவர், படையினரிடம் கையளிக்கப்பட்டபின் திரும்பாதவர், கட்டாய ஆட்சேர்ப்பில் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட பதின்வயதினர் என்று பிள்ளைகளைப் பறிகொடுத்த வகைகள் பல. அத்தகைய வீட்டில் கடத்தல் ஒரு பகிடியாவதற்கு வழியில்லை. அதே ஒழுங்கையில் அடுத்த வீட்டில் அது வெறும் பகிடியாகவே இருக்கலாம். வயதுப் படிவரிசை இந்த இரண்டு வீட்டையும் வேறுபடுத்திக் காணாது.

உளவியலாளரின் எழுத்துகள் இங்கே இரு வேறு திசைகளில் இழுக்கின்றன. புரூனோ பெட்டல்ஹெயிம் 1976இல் வெளியிட்ட நூலில், கொடிய நிகழ்ச்சிகள் நிறைந்த தேவதைக் கதைகளே பிள்ளையின் உள்ளச்சங்களுக்கு உருவம் கொடுத்து அவற்றை அடக்க உதவுகின்றன என்று வாதிட்டார். கதையிலிருந்து பயத்தை நீக்குவது பிள்ளையைப் பாதுகாப்பதாகாது என்பது அவரது துணிபு. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1990களிலிருந்து 'மனவடு' முதலான நூல்களில் எழுதிவந்தது வேறொரு தளத்தைச் சேர்ந்தது. போரும் பேரிடரும் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பம், அயல், கிராமம் என்ற உறவு வலைகளையே குலைத்துவிடுவதை அவர் கூட்டு மனவடு என்கிறார். ஒருவர்மீது ஒருவருக்கிருந்த நம்பிக்கை தேய்வதும் மௌனம் பழகிவிடுவதும் அதன் அறிகுறிகளுட் சில. பெட்டல்ஹெயிமின் வாதம் கேட்கும் பிள்ளையைப் பற்றியது. அமைதியான குரலில் சொல்லக்கூடிய ஒருவர் எதிரில் இருக்கிறார் என்று அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. சோமசுந்தரத்தின் ஆய்வு அந்த ஒருவரையே கேள்விக்குள்ளாக்குகிறது. வன்னிக்குப் பெட்டல்ஹெயிமைவிட அவரே பொருந்தும் வழிகாட்டி. பிள்ளை பயங்கரக் கதையைத் தாங்கும். தாங்காதது, கதை நடுவில் அம்மாவின் முகம் மாறி, காரணம் சொல்லாமல் எழுந்து குசினிக்குப் போய்விடுவது. ஆகவே சொல்பவர் தன்னால் முடிந்த கதையைத் தெரிவு செய்வது கோழைத்தனமன்று. முடியாத கதையை மாமாவோ அயலவரோ ஆசிரியரோ வேறொரு நாளில் சொல்லிக்கொள்ளலாம்.

முடிவை மாற்றிச் சொல்லலாமா என்பது இதிலிருந்து கிளைக்கும் கேள்வி. தூய்மைவாதிகள் கூடாது என்பர். ஜாக் லண்டனின் 'தீ மூட்டல்' அவர்களுக்கு மறுப்பாக நிற்கிறது. கடுங்குளிரில் தனியே பயணம் செய்பவன் நனைந்த காலைக் காய்ச்ச நெருப்பு மூட்டப் போராடும் இந்தக் கதையை லண்டன் 1902இல் ஒரு சிறுவர் இதழுக்கு எழுதியபோது, டொம் வின்சன்ட் என்ற பெயருடைய அந்தப் பயணி உறைபனிக் காயங்களோடு உயிர் தப்புகிறான். 1908இல் பெரியோருக்காக மீண்டும் எழுதியபோது, பெயரற்ற மனிதன் இறந்துபோக, அவனது நாய் வேறு மனிதரின் நெருப்பைத் தேடி ஓடுகிறது. பிந்தியதே பேரிலக்கியம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் ஆசிரியரே இரு முடிவுகளை எழுதிவைத்தபின், பத்து வயதுப் பிள்ளைக்கு முந்தியதையும் பதினைந்து வயதில் பிந்தியதையும் கொடுப்பதில் துரோகம் ஏதுமில்லை. பனியைக் காணாத பிள்ளைக்கு இது எட்டாது என்ற ஆட்சேபமும் வலுவற்றது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டில் விறகுக்கும் தேனுக்கும் தனியே போகக்கூடாது என்ற எச்சரிக்கையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு யானைக்குப் பதில் குளிர் என்பது மட்டுமே புதிது. கடலோரப் பிள்ளைக்கு இதன் இடத்தில் ஸ்டீபன் கிரேன் 1897இல் எழுதிய 'திறந்த படகு' பொருந்தும். கப்பல் மூழ்கிச் சிறுபடகில் கரைசேர முயலும் நால்வரின் கதை அது. ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் முல்லைத்தீவுக் கரையில் கடற்கதை எதையும் சொல்பவர் முதலில் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் கதைகளில் மூன்று இங்கே தனிக் கவனம் பெறத்தக்கவை. ஹெமிங்வேயின் 'ஒரு நாள் காத்திருப்பு' 1933இல் வந்தது. காய்ச்சல் நூற்றிரண்டு பாகை என்று கேட்ட ஒன்பது வயதுச் சிறுவன், நாற்பத்து நான்கைத் தாண்டினால் மனிதன் பிழைப்பதில்லை என்று பிரான்ஸில் பள்ளித் தோழர்கள் சொன்னதை நினைத்து, இரு வெப்பமானிகளின் அளவு வேறென்று அறியாமல், நாள் முழுவதும் சாவுக்காகக் காத்திருக்கிறான். பரனைட், செல்சியஸ் இரண்டும் கலந்து புழங்கும் இலங்கையில் இது நடக்கக்கூடியது. தலைமுறைகளாக மலேரியா அலைத்த வன்னியில் காய்ச்சல் என்ற சொல்லுக்கு முதியோரிடம் தனிக் கனம் உண்டு; 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தபின் டெங்கு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. பிள்ளை வாய்விட்டுச் சொல்லாத பயத்தைப் பெரியவர் கவனிக்கத் தவறுவதே கதையின் மையமாதலால் இது கேட்பவரைவிடச் சொல்பவருக்கே அதிகம் பயன்படும். பிராட்பரியின் 'ஒரே நாளில் முழுக் கோடை' 1954இல் வந்தது. ஏழாண்டுக்கு ஒரு முறை மட்டும் வெயில் எறிக்கும் வெள்ளிக் கோளில், பூமியிலிருந்து வந்த சிறுமி ஒருத்திக்கே சூரியன் நினைவிருக்கிறது. பொறாமை கொண்ட வகுப்புத் தோழர்கள் வெயில் வரும் நேரத்தில் அவளை அறைக்குள் பூட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். புதிய ஊர்ப் பாடசாலையில் பழைய ஊரைப் பற்றிப் பேசியதற்காகக் கேலிக்குள்ளான இடம்பெயர்ந்த பிள்ளைகளின் அனுபவத்துக்கு இவ்வளவு அண்மையில் வரும் பிறநாட்டுக் கதை அரிது. லாங்ஸ்டன் ஹியூஸ் 1958இல் எழுதிய கதையிலோ, இரவில் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறிக்க முயலும் சிறுவனை அவளே பிடித்து வீட்டுக்கு இழுத்துச் சென்று, முகம் கழுவச் சொல்லி, சோறு போட்டு, சப்பாத்து வாங்கப் பத்து டொலர் கொடுத்து அனுப்புகிறாள். பொலிஸ் வரவில்லை, புத்திமதி இல்லை. இம்மூன்றிலும் முதலில் சொல்லத்தக்கது இதுவே.

பிற்போட வேண்டியவை குறித்து நீட்டிப் பேசத் தேவையில்லை. அம்புரோஸ் பியர்ஸின் தூக்கு மேடைக் கதை, போவின் கொலையாளி வாக்குமூலம், ஊரே கூடிக் குலுக்கலில் அகப்பட்டவரைக் கல்லெறிந்து கொல்லும் ஷேர்லி ஜாக்சனின் 1948ஆம் ஆண்டுக் கதை ஆகியவை பதின்வயதினர் தாமே வாசித்து விவாதிக்க வேண்டியவை. ஹோதோர்னின் 'பெரும் கல்முகம்' இவற்றோடு சேராது எனினும் சிறுவருக்கு உரியதுமன்று. மலைமுகட்டில் இயற்கை செதுக்கிய முகத்தை ஒத்த மாமனிதன் ஒருவன் தோன்றுவான் என்று காத்திருக்கும் பள்ளத்தாக்கு மக்கள், செல்வந்தனையும் படைத்தளபதியையும் அரசியல்வாதியையும் அடுத்தடுத்து அவனென்று கொண்டாடி ஏமாறுகிறார்கள். அந்த முகம் இறுதியில், அங்கேயே உழைத்து முதிர்ந்த எளிய மனிதன் ஒருவனில் தெரிகிறது. கதைக்குத் தூண்டுதலான நியூ ஹம்ஷயர் மலைமுகம் 2003 மே மாதத்தில் இடிந்து விழுந்தே போயிற்று. மீட்பரை எதிர்பார்த்து ஒரு நிலம் காலம் கழிப்பதைப் பற்றிய இக்கதை வன்னியின் பதின்வயதினரிடையே கிளப்பக்கூடிய விவாதம், பெரியோர் பலர் தவிர்க்க விரும்புவதாகவே இருக்கும். அதுவே அதைக் கொடுக்கப் போதுமான காரணம்.

மொழி பற்றிய கேள்வியில் பெற்றோரின் ஆசையும் கதையின் நலனும் மோதுகின்றன. தரம் மூன்றிலிருந்து ஆங்கிலம் முறையாகக் கற்பிக்கப்பட்டும் அது கைவராத நிலையில், கதையை ஆங்கிலத்துக்கான குறுக்குவழியாகக் காணும் பெற்றோர் சுருக்கப்பட்ட ஓ. ஹென்றியை வாங்கிக் கொடுத்துச் சொற்பொருள் கேட்கிறார்கள். கதை அந்தக் கணத்தில் பாடமாகிவிடுகிறது. இர்விங்கின் நீள்வாக்கியமும் ஓ. ஹென்றியின் வேண்டுமென்றே ஊதிய சொல்லாட்சியும் ஆங்கிலம் வீட்டுமொழியான பிள்ளைக்கே கடினமானவை. தமிழ் மொழிபெயர்ப்புகளை வாசித்துக் காட்டுவதும் தடையின்றி நடப்பதில்லை. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தனித்தனிப் பணிகளுக்கென ஒதுங்கி நிற்பதை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். சார்ள்ஸ் ஃபேர்கசன் 1959இல் இக்கருத்தை வகுத்தார். கிடைக்கும் மொழிபெயர்ப்புகள் எழுத்து வழக்கில் இருப்பதோடு உரையாடலைத் தமிழகப் பேச்சில் தருவதால், ஒரே வாக்கியத்தில் இரு தடவை பிள்ளை அந்நியப்படுகிறது. வீட்டுப் பேச்சில், அது யாழ்ப்பாண வழியினதாயினும் மலையக வழியினதாயினும், கதையைச் சொல்லிவிட்டு, அதை விரும்பிய பிள்ளை பின்னர் தமிழிலோ ஆங்கிலத்திலோ தேடி வாசிக்க விடுவதே பயன்தரும் ஒழுங்கு. முடிவு தெரிந்த கதையை அந்நிய மொழியில் வாசிப்பது தெரியாத கதையை வாசிப்பதைவிட எளிது என்பதால் ஆங்கிலமும் இதனால் நட்டப்படாது.

நேரம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஒன்பது வயதுப் பிள்ளைகள் மாலை முழுவதும் ரியூசனில் அமர்ந்திருக்கிறார்கள். வீடு திரும்பியபின் எஞ்சும் நேரம் தொலைக்காட்சித் தொடருக்கும் கைத்தொலைபேசிக்கும் போகிறது. போவின் அரை மணி இங்கே ஆடம்பரம். பதினைந்து நிமிடத்தில் முடியும் தவளைக் கதையும் தார்ப்பொம்மையும் முதலில் வரவேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். 'ரிப் வான் விங்கிள்' மூன்று இரவுகளுக்கு உரியது, உறங்கப்போகும் இடத்தில் முதல் இரவை நிறுத்தலாம்.

நூலாக்கம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இலங்கையில் ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் எழுபது ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது. இர்விங், ஹோதோர்ன், போ, ட்வைன், ஸ்டொக்டன், கிரேன், ஹரிஸ், ஓ. ஹென்றி, லண்டன் ஆகிய அனைவரும் இந்த எல்லையைக் கடந்துவிட்டதால், அவர்களின் கதைகளை ஈழத்துப் பேச்சு வழக்கில் மறுசொல்லி ஒரு பிரதேச சபை நூலகமோ ஒரு பாடசாலையின் தமிழ்மன்றமோ யாரிடமும் அனுமதி கேட்காமல் அச்சிடலாம். 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் வழி அது கட்டணமின்றிப் பரவவும் கூடும். 1961இல் மறைந்த ஹெமிங்வேக்கு 2031 வரையும், 1967இல் மறைந்த ஹியூஸுக்கு 2037 வரையும், 2012இல் மறைந்த பிராட்பரிக்கு 2082 வரையும் உரிமை இருக்கிறது. ஆகவே வன்னிக்கு மிகவும் வேண்டிய அந்த மூன்று கதைகளும் அனுமதி பெற்று அச்சேறும்வரை வீட்டு விறாந்தையில் வாய்மொழியாகவே நடமாட வேண்டியிருக்கும். அதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை.